குழாய்க் கிணறும் சனங்களின் சீவியமும்: வன்னியில் ஆய்வு செய்ய எந்த வழி நல்லது?

குழாய்க் கிணறு அடித்த பிறகு வன்னிச் சனங்களின் சீவியம் முன்னேறியிருக்கிறதா? கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களிலோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலோ முதுமாணி ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவருக்கு இது நல்ல கேள்வி. கேள்வியைப் பிடிப்பது சுகம். விடை தேடப் போகும் வழியைத் தெரிவதில்தான் பலர் சறுக்குவார்கள். கையில் இருப்பது ஒரு வருடம், அதற்குள் ஒரேயொரு கோடை. ஒரு மோட்டார் சைக்கிள், கொஞ்சம் பெற்றோல் காசு, ஆய்வுகூடத்தில் சில பரிசோதனைகளுக்கு அனுமதி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு மூன்று வழிகளில் ஒன்றில் இறங்கலாம். கிணற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்ப் பரிசோதிக்கலாம். குழாய்க் கிணறு உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும் வினாக்கொத்தோடு போய் ஒப்பிடலாம். அல்லது ஒரு கிராமத்தில் கொஞ்ச வீடுகளை எடுத்து, கோடையிலிருந்து மாரி வரைக்கும் விடாமல் பின்தொடரலாம்.

நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் முதலாவதிலிருந்து ஒரு கையளவு எடுத்துக்கொள்ளாமல் அதைச் செய்யக்கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டாவதற்குள் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

வழிகளுக்குப் போகுமுன் நிலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வன்னி என்று ஒரே பெயரில் சொன்னாலும் நிலத்துக்குக் கீழே அது ஒன்றாக இல்லை. மன்னார், பூநகரிப் பக்கம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். முருங்கன், முழங்காவில், பரந்தன் பகுதிகளில் அந்தக் கல்லுக்குள் ஆழமான, மூடுண்ட நீர்ப்படுகைகள் இருக்கின்றன. வவுனியாவும் முல்லைத்தீவின் உட்பகுதியும் கருங்கல் நிலம். அங்கே மேலே சில மீற்றர் தடிப்புக்கு உக்கிய கல்லும் மண்ணும், கட்டுக்கிணறுகள் எல்லாம் அந்தப் படையைத்தான் நம்பியிருக்கின்றன. அதற்குக் கீழே பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். குழாய்க் கிணறு அடிப்பவர் அந்த வெடிப்பைத்தான் தேடுகிறார், கிடைப்பதும் கிடைக்காததும் பாதி அதிர்ஷ்டம். ஒரே வளவுக்குள் ஒரு துளையில் தண்ணீர் பீறிட்டு வரும், பத்தடி தள்ளி அடித்த துளையில் வெறும் கல்மாவு பறக்கும்.

ஆகவே ஆய்வுத் தலைப்பில் “வன்னி மாவட்டங்களில்” என்று போட்டு நான்கு மாவட்டத்தையும் அளக்க நினைக்க வேண்டாம். பூநகரியில் கேள்வி உப்பு: கூட இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். வவுனியாவில் கேள்வி புளோரைட்டும் கல்லுத் தண்ணியும், அதாவது கடினத் தண்ணீரும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வாய்க்கால்களுக்குக் கீழே இருக்கும் குடியேற்றக் கிராமங்களில் கேள்வியே வேறு. அங்கே வாய்க்கால் ஓடினால் கட்டுக்கிணறும் ஊறும், வாய்க்கால் பூட்டினால் அதுவும் இறங்கும். ஒரு இடத்தை எடுங்கள், அதையே ஒழுங்காகப் பாருங்கள்.

சரி, முதல் வழி. தண்ணீரைப் பரிசோதிப்பது.

இதில் உள்ள நிம்மதி, விடை இலக்கமாக வரும். புளோரைட்டு, உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், கடினத்தன்மை, நைத்திரேட்டு, ஈ-கோலை என்ற மலக்கிருமி. ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்கிறது. இலங்கையின் குடிநீர்த் தரம் 1.0 என்று இறுக்கிப் பிடிக்கிறது. வெயிலில் வேலை செய்யும் மனிதர் கூடத் தண்ணீர் குடிப்பார், அதனால் வெப்பமான நாட்டுக்கு எல்லை குறைவாக இருப்பதே நியாயம். நைத்திரேட்டுக்கு 50. ஈ-கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. மாதிரியை எடுத்து, எல்லையோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் போட்டால் ஆய்வு பார்க்கவும் அழகாக இருக்கும்.

குழாய்க் கிணற்றின் அடிப்படைக் கொடுக்கல்வாங்கலும் இந்த வழியில்தான் தெளிவாகத் தெரியும். மூடிய குழாய் வழியே ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் மலக்கிருமி கலப்பது குறைவு. திறந்த கிணற்றுக்குள் மாரி வெள்ளம் எதையெல்லாம் கொண்டுவந்து கொட்டும் என்று நம் சனங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஆழத்துத் தண்ணீர் பாறையோடு நீண்ட காலம் ஒட்டிக் கிடந்த தண்ணீர். பாறையில் உள்ளதெல்லாம் அதில் கரைந்திருக்கும். கிருமி போய்க் கனியம் வருகிறது. பங்களாதேஷ் இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1970களில் யுனிசெப் போன்ற நிறுவனங்களின் உதவியோடு வயிற்றோட்டத்தைத் தடுக்கவென்று லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் அடித்தார்கள். அவற்றில் ஏராளமானவற்றில் ஆசனிக் என்ற நஞ்சு இருப்பது 1993இல்தான் உறுதியானது. பிறகு கிணறு கிணறாகப் பரிசோதித்து, குடிக்கக்கூடாததற்குச் சிவப்பும் குடிக்கக்கூடியதற்குப் பச்சையும் பூச வேண்டிவந்தது. கிணறு அடித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு அடிக்கவில்லை. எதை அளக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் வழிக்காரருக்கு இன்னொரு ஆசையும் வரும்: சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. புளோரைட்டையும் கடினத்தன்மையையும் சந்தேகிக்கிறார்கள். விவசாய இரசாயனங்களையும் வெக்கையையும் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய ஆய்வுக் குழுக்கள் வருடக்கணக்காகத் தேடியும் முடிச்சு அவிழவில்லை. ஒரு வருட முதுமாணி ஆய்வில் அதை அவிழ்க்கப் போகாதீர்கள். நாற்பது கிணற்றின் கடினத்தன்மையையும் ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளர் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதையும் நிறுவியதாகாது, சனத்துக்கு வீண் பயம்தான் மிஞ்சும்.

ஆனால் இந்த வழியின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது, மனிசரைப் பற்றிச் சொல்லாது. ஒரு வீட்டுக் குழாய்க் கிணற்றில் புளோரைட்டு எல்லையைத் தாண்டி இருக்கிறது என்று வையுங்கள். அந்த வீட்டார் அதைக் குடிக்கிறார்களா? வவுனியாப் பக்கம் பல வீடுகளில் குடிக்கவும் தேநீருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் கனியம் நீக்கிய ஆர்.ஓ. தண்ணியைக் கானில் வாங்குகிறார்கள். குழாய்க் கிணறு குளிக்க, தோய்க்க, ஆட்டுக்கு, பூக்கன்றுக்கு. அடுத்த வீட்டில் கான் வாங்கக் காசில்லை, அதே தண்ணீரைத்தான் குழந்தையும் குடிக்கிறது. வரைபடத்தில் இரண்டும் ஒரே சிவப்புப் புள்ளி. இரசாயனத் துறையில் இருந்துகொண்டு இந்த வழியைத்தான் எடுக்கவேண்டிய கட்டாயம் என்றால், மாதிரிப் போத்தலில் ஒட்டும் சீட்டில் ஒரு வரி சேருங்கள்: இந்த வீட்டில் யார், எதற்கு இந்தத் தண்ணீரைப் பாவிக்கிறார்கள். அந்த ஒரு வரியில் ஆய்வின் பெறுமதி இரட்டிப்பாகும்.

இரண்டாவது வழி, கிணறு உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிடுவது. மேற்பார்வையாளர்களுக்குப் பிடித்த வழி இது. வினாக்கொத்து இருக்கும், மாதிரித் தொகை இருக்கும், கணினியில் போட்டால் முடிவு வரும்.

வன்னியில் இது சறுக்கும். வசதியுள்ளவர்தான் சொந்தக் காசில் குழாய்க் கிணறு அடிக்கிறார். அவர் வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தால் அது கிணற்றால் வந்ததா, கிணறு அடிக்கக் காசு வந்த இடத்தால் வந்ததா? கனடாவில் ஒரு அண்ணன் இருப்பது கிணற்றைவிடப் பெரிய மாறி. பொதுக் குழாய்க் கிணறுகளை எடுத்தாலும் தப்ப முடியாது. 2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை, மீள்குடியேற்றம் கட்டங்கட்டமாக நடந்தது. கிணறு கிடைத்த கிராமத்துக்கு வீட்டுத்திட்டமும் மலசலகூடமும் வாழ்வாதார உதவியும் அடுத்தடுத்து வந்திருக்கும். எது எதைச் செய்தது என்று பிரித்தெடுக்க முடியாது. போதாக்குறைக்கு, பக்கத்து வளவில் ஆழமாக அடித்து மோட்டர் போட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்தால், இந்த வளவுக் கட்டுக்கிணறு இறங்கலாம். அப்போது “இல்லாத வீடு” என்று நீங்கள் ஒப்பிடும் வீடு, உள்ள வீட்டால் பாதிக்கப்பட்ட வீடு. கிணறு நன்மை தந்ததாக வரும் இலக்கத்தில் ஒரு பங்கு அயலவரின் நட்டமாக இருக்கக்கூடும்.

இன்னொன்று, நல்வாழ்வை எதால் அளப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் இருக்கிறது. கடந்த இரண்டு கிழமையில் மனம் சந்தோசமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா என்று கேட்கும். எளிது, இலவசம். ஆனால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் தெருவோரத்தில் இருந்து போராடிய நிலம் இது. அப்படியொரு தாயிடம் போய், இரண்டு கிழமையாகச் சந்தோசமாக இருந்தீர்களா என்று கேட்டு, வந்த புள்ளியைக் குழாய்க் கிணற்றோடு ஒட்டிப் பார்ப்பது அறிவுக்கும் பொருந்தாது, மரியாதைக்கும் பொருந்தாது. இழப்பும் நுண்கடனும் அந்தப் புள்ளியை விழுங்கிவிடும். பொதுவான மகிழ்ச்சியை விட்டுவிட்டு, தண்ணீர் தொடும் வாழ்க்கையை மட்டும் கேட்பது நல்லது. 2019இல் வெளியான வீட்டு நீர்ப் பாதுகாப்பின்மை அளவுகோல் அதற்குப் பொருத்தம். பன்னிரண்டு கேள்வி, கடந்த நான்கு கிழமை: தண்ணீர் இல்லாமல் சமையலை மாற்றினீர்களா, கைகழுவ முடியாமல் போனதா, தண்ணீரால் கோபம் வந்ததா, வெட்கப்பட்டீர்களா. மொத்தம் 36 புள்ளி, 12ஓ அதற்கு மேலோ வந்தால் வீடு தண்ணீருக்குத் தத்தளிக்கிறது என்று அர்த்தம்.

உடம்புக்கும் மனத்துக்கும் வேறு வேறு கணக்கு இருக்கலாம் என்பதற்கு மொரோக்கோவில் நல்ல சான்று உண்டு. தாஞ்சியர் நகரத்தில், பொதுக் குழாயில் தண்ணீர் எடுத்துவந்த வீடுகளுக்கு வட்டியில்லாக் கடனில் வீட்டு இணைப்பு எடுக்க வழிசெய்து ஒரு ஆய்வு நடந்தது, 2012இல் வெளியானது. தண்ணீரால் வரும் நோய் குறையவில்லை, பொதுக் குழாய்த் தண்ணீரே சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் மிஞ்சியது, சண்டை குறைந்தது, வாழ்க்கையில் திருப்தி கூடியது. அந்த ஆய்வாளர்கள் வயிற்றோட்டத்தை மட்டும் கேட்டிருந்தால், பயனில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒளிந்திருக்கும் யோசனை என்று சொன்னேனே, அது இதுதான். கிணறு உள்ளவரை இல்லாதவரோடு ஒப்பிடாதீர்கள். அடித்துத் தண்ணீர் கண்டவரை, அடித்துத் தண்ணீர் காணாதவரோடு ஒப்பிடுங்கள். கருங்கல் நிலத்தில் வெறுந்துளையாகப் போனவை நிறைய இருக்கும். இரண்டு தரப்பும் அடிக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தவர்கள், இரண்டு தரப்புக்கும் ஆசை ஒன்றே, வசதியும் ஏறக்குறைய ஒன்றே. பிரித்தது பாறையின் வெடிப்பு. ஆய்வுக்கு இப்படியொரு சீட்டுக்குலுக்கலை இயற்கையே நடத்தித் தருவது அபூர்வம். ஓட்டை இல்லாமலில்லை. குளத்துக்குக் கிட்ட, பள்ளத்தில் இருப்பவருக்கு வாய்ப்புக் கூட. பூமிபௌதிக அளவை செய்து இடம் குறித்தவரும், தேங்காயை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பார்ப்பவரை நம்பியவரும் ஒன்றல்ல. (தேங்காய்க்காரரின் வெற்றி விகிதத்தையும் பக்கத்தில் ஒரு நிரலில் குறித்துக்கொள்ளுங்கள், வாசிக்கச் சுவையாக இருக்கும்.) தண்ணீர் காணாதவர் காசையும் இழந்திருக்கிறார், ஆகவே நீங்கள் அளப்பதில் கடனின் பாரமும் சேரும். எல்லாவற்றையும் விட, வெறுந்துளைகளின் பட்டியல் எடுப்பது பெரும்பாடு. துளையிட்ட நிறுவனம், கிராம அலுவலர், நீர்வளச் சபை என்று அலைய வேண்டும். இரண்டு வருட முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு நான் இதையே முதலாவதாகச் சொல்வேன். ஒரு வருடத்தில் பட்டியலே முடியாது.

மூன்றாவது வழிக்கு வருவோம். ஒரு கிராமம், இருபது இருபத்தைந்து வீடு. வைகாசி கடைசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போவது. குடிக்க, சமைக்க, குளிக்க, தோட்டத்துக்கு, மாட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, யாரோடு முரண்பாடு. கட்டுக்கிணறுகளில் நாடா விட்டு நீர்மட்டம். அந்தப் பன்னிரண்டு கேள்வியை நான்கு கிழமைக்கு ஒருமுறை. தண்ணீர்ப் பரிசோதனை இரண்டே தடவை: ஆவணி புரட்டாதியில் மட்டம் அடிக்குப் போனபோது ஒன்று, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒன்று.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு வீட்டையும் அதனோடேயே ஒப்பிடுகிறீர்கள். வெளிநாட்டுக் காசு, இழப்பு, கடன், படிப்பு எல்லாம் ஆடியிலும் கார்த்திகையிலும் பெரும்பாலும் அதேதான். மாறுவது தண்ணீர். ஒரு நாள் மட்டும் போகும் வினாக்கொத்து எந்த மாதத்தில் போனதோ அந்த மாதத்தின் விடையைத்தான் கொண்டுவரும். தை மாதம் போனால் எல்லாருக்கும் தண்ணீர் இருக்கும், குழாய்க் கிணறு வீண் செலவாகத் தெரியும். சோளகம் வீசும் ஆடியில் போனால் அதுவே தெய்வமாகத் தெரியும்.

இரண்டாவது பலம், முதல் தடவை கேட்டு வராத விடைகள் நாலாவது தடவையில் தானாக வரும். பொதுக் குழாய்க் கிணற்றின் கைப்பம்பி பழுதானால் வாசர் வாங்கக் காசு சேர்ப்பது யார், எத்தனை நாள் கிடந்தது. மோட்டர் பூட்டிய கிணறு என்றால் திறப்பு யார் வீட்டில், மின்கட்டணம் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது. அயல்வீட்டில் தண்ணீர் கேட்கப் போகும்போது தாய் போகிறாளா, பிள்ளையை அனுப்புகிறாளா. வடக்கில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதில் சாதிக்கு நீண்ட வரலாறு உண்டு, அதை வினாக்கொத்தில் ஒரு கட்டமாகப் போட்டுக் கேட்டால் “அப்படி ஒன்றும் இங்கே இல்லை” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். யார் எந்தக் கிணற்றடிக்குப் போகிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்தவருக்குக் கேட்க வேண்டியே வராது.

கிராமத் தெரிவிலும் அக்கறை வேண்டும். பெரிய குளங்களின் பாசனத்துக்கு வெளியே, மேட்டுநிலத்தில் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். இனக்கலவரங்களுக்குப் பிறகு, குறிப்பாக 1977ஐ ஒட்டி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இப்படியான இடங்களில் இருக்கின்றன. காணி அனுமதிப்பத்திரம் சரியாக இல்லாத வீட்டுக்கு உதவித்திட்டமும் கடனும் கிடைப்பது கஷ்டம், ஆகவே கிணறும் கஷ்டம். தண்ணீருக்கும் சீவியத்துக்கும் இடையிலுள்ள இந்தக் காணிக் கணக்கு அங்கே நேரே கண்ணில் படும். குழாய்நீர் விநியோகம் வரப்போகிற கிராமத்தை எடுக்க வேண்டாம். இடையில் இணைப்பு வந்தால் ஆய்வு இரண்டாக உடையும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இருபத்தைந்து வீட்டை வைத்து வன்னி முழுக்கப் பேச முடியாது. பரீட்சகர் அதைக் கேட்பார், ஆம் என்று ஒத்துக்கொள்வதைத் தவிர வேறு பதில் இல்லை. ஒரு வருடம் வழமைக்கு மாறாகவும் போகலாம். 2018 டிசெம்பரில் இரணைமடு நிரம்பி வழிந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் போல ஒரு மாரி வந்தால் கடைசிக் கட்டத் தரவு குழம்பும். வீட்டாருக்கும் அலுக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் முழுக் கேள்வியோடு போகாதீர்கள், கால்மணித்தியாலத்தில் முடியுங்கள், அறுவடை நாளில் போகாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பங்குனிக்கு முன்னரே விண்ணப்பியுங்கள். அது ஆவணியில் வந்து சேர்ந்தால் கோடை போய்விட்டது, ஆய்வும் போய்விட்டது. கமக்காரர் அமைப்பையும் மாதர் சங்கத்தையும் தொடக்கத்திலேயே தனித்தனியாகச் சந்தியுங்கள். தோட்டத் தண்ணீரின் கதை ஒரு இடத்தில் இருக்கும், குடத்துத் தண்ணீரின் கதை மற்ற இடத்தில் இருக்கும்.

மூன்றாவது வழியில் போகிறவர் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பட்டம் கிடைத்த பிறகு தபாலில் அனுப்பும் காகிதமாக அது இருக்கக்கூடாது. புளோரைட்டு 1.0ஐத் தாண்டியிருந்தால் நேரே போய்ச் சொல்லுங்கள், கையோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரிவியுங்கள். கொதிக்க வைத்தால் சரிதானே என்று கட்டாயம் கேட்பார்கள். கொதித்தால் கிருமிதான் சாகும், புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். நிலையான பல் உள்ளே உருவாகும் காலம், ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும், இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் காவி படியும், பிறகு தேய்த்துப் போக்க முடியாது. ஆகவே சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் போங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைச் சுத்தமாகச் சேர்த்து வைக்க வழி இருந்தால் அதைப் பிள்ளைகளின் குடிதண்ணீருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். குளிக்கவும் தோய்க்கவும் குழாய்க் கிணற்றையே தாராளமாகப் பாவிக்கலாம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பயத்தில் கிணற்றையே மூடிவிடுவார்கள்.